நாற்பத்தைந்தாம் ஆண்டு வரை

இரண்டாம் உலகப் போரை அமெரிக்கா தனியாகவே வென்றது என்று கிருபானந்தன் சொன்னார். அது பொய் என்பது அந்தச் சிகிச்சை அறையிலிருந்த நால்வரில் இருவருக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் அதைச் சொன்னவர். மற்றவர், சக்கர நாற்காலியில் சன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருந்த ஞானேந்திரன். மூன்றாமவரான புஷ்பராணிக்கு அந்தப் போரில் அக்கறை இல்லை. தம் கணவருடைய முகத்தில் மட்டுமே அக்கறை. நான்காமவரான மெலனி பேச்சுச் சிகிச்சையாளர். அவருக்குத் தமிழ் தெரியாது.

"ரஷ்யா சும்மா பாத்துக்கொண்டு நிண்டது, ஐசே. பனி கொட்டினது, ஜேர்மன்காரன் விறைச்சுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. சண்டை பிடிச்சது முழுக்க அமெரிக்கன்."

ஞானேந்திரனின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது. இடக்கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. ஜனவரி மாதத்திலிருந்து எதற்கும் ஒத்துழையாத வலக்கை, வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன பொருளைப் போல மடியில் கிடந்தது. வாய் திறந்தது, மூடியது, மீண்டும் திறந்தது.

"விசரன்," என்றார்.

மெலனி மகிழ்ச்சியோடு புஷ்பராணியின் பக்கம் திரும்பி, என்ன சொன்னார் என்று பிரெஞ்சில் கேட்டார். பைத்தியக்காரன் என்பதை எப்படிச் சொல்வது என்று புஷ்பராணி சற்று யோசித்து, அந்தக் கருத்தோடு அவருக்கு உடன்பாடில்லை என்று மொழிபெயர்த்தார்.

பக்கவாதம் ஞானேந்திரனின் அறிவைத் தொடவில்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். பிறர் பேசுவது அவருக்கு விளங்கியது. தாம் சொல்ல வேண்டியதும் அவருக்குள் ஒழுங்காகவே இருந்தது. உள்ளிருந்து வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டுப்போயிருந்தது. சில சொற்கள் மட்டும் வேறு வழியாக வரக்கூடும் என்று மெலனி விளக்கினார். எண்ணுவது, செபிப்பது, திட்டுவது: மனிதர் யோசியாமல் சொல்லப் பழகியவை மூளையின் வேறொரு பக்கத்தில் தங்கியிருக்கின்றனவாம். அது உண்மைதான். தேவாரமொன்றின் முதலடியை ஞானேந்திரன் பிழையின்றிச் சொன்னார்; தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 'விசரன்' எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் கிருபானந்தனுக்கு ஐயமே இல்லை. முப்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அந்தச் சொல் தமக்கே வழங்கப்பட்டு வந்திருக்கிறது. செபத்தைப் போலவே அதுவும் பழகிப்போயிருக்க வேண்டும்.

கிருபானந்தன் இந்தச் சிகிச்சைக்குள் அழைக்கப்பட்ட விதம் சற்று விநோதமானது. முதல் வாரத்தில் மெலனி, உங்கள் கணவர் எதைப் பற்றிப் பேசும்போது உற்சாகமாவார் என்று புஷ்பராணியிடம் கேட்டார். யுத்தம் என்றார் புஷ்பராணி. உடனே மெலனி குரலைத் தாழ்த்திக்கொண்டார். இலங்கையிலிருந்து வந்த வேறு சிலரையும் தாம் அறிவதாகவும், அந்த நினைவுகளை இப்போது கிளறாமலிருப்பதே நல்லது என்றும், குடும்பத்தினர் விரும்பினால் உளவியலாளர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்றும் மிகுந்த பரிவோடு சொன்னார். புஷ்பராணி அவசரமாகத் திருத்தினார். எங்களுடைய போர் அல்ல, ஜேர்மன்காரருடைய போர். அதைப் பற்றி யாரோடு பேசுவார் என்று மெலனி கேட்டார். கிருபா அண்ணையோடு, அவர் இங்கிலாந்து, இவர் ரஷ்யா. இந்தப் பதிலை மெலனி எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரமே கிருபானந்தனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

அவர்கள் இருவரும் தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியல் நகரத்தின் மத்தியில் ஒரு கிரேக்கரின் உணவகத்தில் பாத்திரம் கழுவினார்கள். ஒரே தொட்டி, ஒருவர் கழுவுவார், மற்றவர் அலசி அடுக்குவார். சேர்ந்த மூன்றாம் நாளே, ஊரைப் பற்றிய ஏதோ ஒரு சாதாரணக் கேள்விக்கு வந்த பதிலிலிருந்து, மற்றவர் ஒருகாலத்தில் எந்த ஆயுத இயக்கத்தில் இருந்தார் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. எண்பத்தாறாம் ஆண்டில் அந்த இரண்டு இயக்கங்களில் ஒன்று மற்றொன்றை அழித்தது. அழிக்கப்பட்டதில் ஞானேந்திரனின் தம்பியும் இருந்தான். இருபது வயது நிரம்பாத அவனைக் குறுகிய ஒழுங்கைக்குள் வைத்துச் சுட்டுவிட்டு, உடலைக் கொடுக்கவில்லை. அந்த மாதத்தில் கிருபானந்தன் கடலுக்கு அப்பால் இருந்தார். கட்டளை அவருடையதல்ல, துப்பாக்கியும் அவருடையதல்ல. ஆயினும் சுட்ட இயக்கத்தின் பெயரை அப்போது அவர் தம் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டியின் இருபுறமும் நின்று மாதக்கணக்கில் அவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் வேலை செய்தார்கள். கோப்பை கைமாறும்போது விரல்கள் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மே மாதத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சமையலறையின் மேல்மூலையில் முதலாளி பொருத்தியிருந்த சிறிய பெட்டி அது. அணிவகுப்பைப் பார்த்த முதலாளி, இந்தப் போரை உண்மையில் வென்றது கிரேக்கம்தான் என்றும், தம் மக்கள் மலைகளில் நின்று ஜேர்மன்காரரைத் தாமதப்படுத்தியிராவிட்டால் அவர்கள் பனிக்கு முன்பே மொஸ்கோவை அடைந்திருப்பார்கள் என்றும் அறிவித்துவிட்டு, மீன் பொரிக்கப் போனார். அப்போது தொட்டிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், யாரையும் பார்க்காமல் சொன்னது:

"வெண்டது ரஷ்யா."

கிருபானந்தன் கையிலிருந்த தட்டை அடுக்கினார். இன்னொன்றை எடுத்தார். அந்த மனிதன் தம்மோடு பேசுகிறானா, சுவரோடு பேசுகிறானா என்பது அவருக்கு நிச்சயமாக விளங்கவில்லை. ரஷ்யாதான் வென்றது என்றே அவரும் நினைத்திருந்தார். ஆனால் அப்படிச் சொன்னால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

"இங்கிலாந்து," என்றார்.

முப்பது ஆண்டுகளும் அந்த ஒரு சொல்லிலிருந்து வந்தவை. உணவகம் மூடப்பட்டது, இருவரும் வேறு வேறு வேலைகளுக்குப் போனார்கள், திருமணங்கள், பிள்ளைகள், கடவுச்சீட்டுகள் எல்லாம் வந்தன. சனிக்கிழமைக் காலைகளில் கோட்-டெ-நெய்ஜ் வீதியில் ஒரு கோப்பிக்கடையின் கண்ணாடி ஓர மேசை அவர்களுக்கு வாய்த்தது. ஒருவருடைய கோப்பியை மற்றவர் குளிரவிடும் அளவுக்கு வாதம் நடக்கும்.

"முப்பத்தொன்பதில கையெழுத்துப் போட்டு, ஜேர்மன்காரனோடை போலந்தைப் பங்கு போட்டது ஆர், ஐசே? உம்மடை ரஷ்யாதானே?"

"ஓம். முப்பத்தெட்டில மியூனிக்கில இருந்து தேத்தண்ணி குடிச்சது ஆர்?"

"ஒரு வருசம் தனிய நிண்டது நாங்கள்."

"நாங்களோ? நீர் எப்ப லண்டனில பிறந்தனீர்? உம்மடை கொப்பர் வட்டுக்கோட்டையில வெத்திலை வித்தவர்."

அருகிலிருந்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குடும்பச் சொத்துத் தகராறு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எந்த வாரத்திலும் பேச்சு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் ஆண்டைத் தாண்டியதில்லை. அப்படி ஓர் உடன்பாட்டை அவர்கள் வாய்விட்டுச் செய்துகொள்ளவில்லை. ஆனால் தம்பியின் நினைவுநாள் வரும் மே மாதச் சனிக்கிழமைகளில் ஞானேந்திரன் ஸ்டாலின்கிராட்டை வழக்கத்தைவிட நெடுநேரம் பேசுவார். கிருபானந்தன் அன்று குறுக்கிடுவதைக் குறைத்துக்கொள்வார். ஒரு மனிதன், அமர மறுப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தும், தம் எதிரே வந்து அமர்கிறான் என்பதை அவர் ஒவ்வொரு வாரமும் கவனித்தார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்பது அவருக்குத் தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டுமானால் எதற்காக என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நாற்பத்தைந்தைத் தாண்ட வேண்டும். ஆகவே அவர் நூலகத்துக்குப் போய், இங்கிலாந்துக்காக மேலும் படித்தார்.

சிகிச்சையில் மெலனி அவருக்குக் கற்பித்த விதி ஒன்றே. நண்பருடைய சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் தேடட்டும், நீங்கள் காத்திருங்கள். எவ்வளவு நேரம் என்று கிருபானந்தன் கேட்டார். அவர் கைவிடும்வரை என்றார் மெலனி. முப்பது ஆண்டுகளில் ஞானேந்திரனை ஒரு வாக்கியத்தையேனும் முழுதாக முடிக்கவிட்டது கிருபானந்தனுக்கு நினைவில்லை. அவர்கள் வளர்ந்த ஊரில் பேச்சு என்பதே பிறர் வாயிலிருந்து பறிப்பதுதான். இப்போது அவர், தமக்குத் தெரிந்த ஒரு சொல் எதிரிலிருப்பவருடைய உதட்டில் ஏறுவதும் வழுக்குவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பொய் சொல்வது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சரியான செய்திகளுக்கு ஞானேந்திரன் தலையசைத்துவிட்டுச் சன்னலுக்குத் திரும்பிவிடுகிறார். பிழையான செய்திகளுக்குத்தான் வாய் திறக்கிறது என்பதை முதல் நாளிலேயே அவர் கண்டுகொண்டார். ஆகவே ஸ்டாலின்கிராட்டைக் கோடைகாலத்தில் முடித்தார். குர்ஸ்க் போர்க்களத்துக்கு ஆஸ்திரேலியரை அனுப்பினார். பேர்லினில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். தாம் கற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக இப்படிக் கெடுப்பதற்கு மிகுந்த பயிற்சி வேண்டியிருந்தது.

ஆனால் வந்தது ஒரே சொல்தான். வாரங்கள் கடந்தும் அந்தச் சொல்லுக்கு ஒரு துணை வரவில்லை. மெலனி அதை மறைக்கவில்லை. மாத இறுதியில் சிகிச்சைக் குழு கூடும். புதிய சொற்கள் வரவில்லையென்றால் பேச்சுச் சிகிச்சை நிறுத்தப்படும். ஞானேந்திரனின் இடம் இன்னொருவருக்குப் போகும். இரண்டாம் மாடியிலிருக்கும் வீட்டில் அவரை வைத்துப் பார்ப்பது புஷ்பராணியால் முடியாது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில், எங்கே கட்டில் காலியாகிறதோ அங்கே அனுப்புவார்கள். அது ஆற்றுக்கு அப்பால் இருக்கலாம். தமிழில் ஒரு சொல்லும் கேட்காத இடமாகவும் இருக்கலாம்.

அன்றைய பயிற்சி முடிந்து, பேருந்துத் தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் புஷ்பராணியும் கிருபானந்தனும் நின்றார்கள். வீதியோரத்தில் பனி கறுத்துப்போய், உருகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"கிருபா அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கோணும். கோவிக்கக்கூடாது."

"கேளுங்கோ."

"ஒருக்கா அவர் வெண்டதெண்டு சொல்லிவிடுங்கோவன்."

"எதில?"

"உந்தச் சண்டையிலதான். ரஷ்யாதான் பெரிசெண்டு சொல்லிவிடுங்கோ. இவ்வளவு காலமும் நீங்கள் ஒருநாளும் விட்டுக்குடுக்கேல்லை. போறதுக்கு முந்தி அந்தச் சந்தோசமாவது அந்த மனிசனுக்குக் கிடைக்கட்டும்."

"எங்கை போறதுக்கு முந்தி?"

புஷ்பராணி கையுறையைக் கழற்றி மறுபடியும் அணிந்துகொண்டார். "எங்கையெண்டாலும்தான்," என்றார்.

பேருந்து வந்தது. கிருபானந்தன் பின்னிருக்கையில் அமர்ந்து அந்தக் கோரிக்கையைப் பல பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. உண்மையைச் சொல்லும்படிதான் அவரைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் விட்டுக்கொடுத்தபின் அடுத்த சனிக்கிழமை எதைப் பற்றிப் பேசுவது? விட்டுக்கொடுப்பதற்கும் விடைபெறுவதற்கும் இடையிலான வேறுபாடு அவருக்கு அன்று தெளிவாகத் தெரியவில்லை. அதற்கும் அடியில், புஷ்பராணியிடமோ மெலனியிடமோ சொல்லக்கூடாத ஓர் அச்சம் கிடந்தது. பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குப் பேச்சு திரும்பும்போது பழைய கட்டுப்பாடுகள் திரும்புவதில்லை என்று மெலனி ஒருமுறை பொதுவாகச் சொன்னார். ஞானேந்திரன் பேச வேண்டும் என்பதைவிடக் கிருபானந்தன் இப்போது அதிகமாக விரும்பியது எதுவுமில்லை. ஆனால் எந்தச் சொல் முதலில் வரும்? முப்பது ஆண்டுகள் பல்லுக்குப் பின்னால் வைத்துக் காத்த சொல், காவல் போனவுடன் முதலில் வராதா? அது வந்தால், இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, அது முடியும்வரை தாம் காத்திருக்க வேண்டும். அதுதான் விதி. வரட்டும் என்று வீட்டுக்குக் கிட்ட வரும்போது முடிவு செய்தார். எதையும் சொல்லாமல் போவதைவிட அதைச் சொல்லிவிட்டாவது போகட்டும்.

செவ்வாய்க்கிழமை அவர் சவரம் செய்து, நல்ல சட்டை அணிந்து போனார். அதைக் கண்டு புஷ்பராணி தலையைக் குனிந்துகொண்டார். மெலனி வழக்கமான மூலையில் அமர்ந்தார்.

"ஐசே," என்றார் கிருபானந்தன், "நான் ஒண்டு சொல்லவேணும். நீர் சொன்னதுதான் சரி. வெண்டது ரஷ்யா."

ஞானேந்திரன் சன்னலிலிருந்து திரும்பினார்.

"ஜேர்மன்காரன் பத்துப் பேர் விழுந்தானெண்டால், ஏழெட்டுப் பேர் கிழக்கிலதான் விழுந்தவங்கள். லெனின்கிராட்டில சனம் சுவர்ப் பசையைச் சுரண்டிக் காய்ச்சிக் குடிச்சது. எங்கடை லண்டனில அந்த நேரம் கிழமைக்கு ஒரு முட்டை குறைஞ்சதெண்டு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினவங்கள். நோமண்டியில இறங்கேக்கை தீர்ப்பு எழுதியாச்சு, கையெழுத்து மட்டும்தான் மிச்சம். இவ்வளவும் எனக்குத் தெரியும். நீர் சொல்லித்தான் தெரியும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே, தாம் பேசுவது தம்முடைய வாக்கியங்கள் அல்ல என்பதைக் கிருபானந்தன் உணர்ந்தார். சொற்களின் வரிசையும், லெனின்கிராட்டுக்குப் பின் வரும் சிறிய இடைவெளியும் ஞானேந்திரனுடையவை. கோப்பியை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்காக அவர் விடும் இடைவெளி அது. இத்தனை ஆண்டுகள் தாம் மறுத்து வந்த ஒன்றை இவ்வளவு துல்லியமாக மனனம் செய்து வைத்திருப்பது அவருக்கே வியப்பாக இருந்தது. அவர் முடித்தார். அறையில் வெந்நீர்க் குழாய் ஒருமுறை தட்டியது.

ஞானேந்திரனின் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. நோயாளியைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல் அவர் கிருபானந்தனைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், சவரம் செய்த கன்னத்தைப் பார்த்தார். பிறகு தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"இல்லை," என்றார்.

மெலனியின் பேனா நின்றது.

ஞானேந்திரன் அதோடு நிற்கவில்லை. அவர் எதையோ தேடத் தொடங்கியிருந்தார். கண்கள் அறையின் ஒரு மூலையிலிருந்து மற்றொன்றுக்குப் போயின. நெற்றியில் வியர்வை அரும்பியது. வாய் திறந்து, நாக்கு மேற்பல்லை நோக்கி எழுந்தது. 'தம்பி' என்ற சொல்லும் அங்கேதான் தொடங்குகிறது. கிருபானந்தன் தம் கைகளைத் தொடைக்கடியில் இன்னும் ஆழமாகச் செருகினார். கண்ணை மூடக்கூடாது என்று தமக்கே சொல்லிக்கொண்டார். நாக்கு இறங்கியது. மீண்டும் எழுந்தது.

"டா... டாங்கி."

கிருபானந்தன் எதிர்பார்த்திருந்த சொல் அதுவல்ல.

"டாங்கி. ரஷ்யா... ரஷ்யாவுக்கு." இடக்கை நாற்காலியின் பிடியை விட்டு எழுந்து, தரையைச் சுட்டிக் காட்டியது. "இஞ்சை."

"இஞ்சை எண்டால்?"

"இஞ்சை... இருந்து." மூச்சு வாங்கியது. விரல் தரையை விட்டுச் சுவருக்குத் திரும்பி, கிழக்குப் பக்கத்தைக் காட்டியது. "ரோ... ரோஸ்... ரோஸ்மொன்."

நகரத்தின் கிழக்கே ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர் அது. அதற்கும் ரஷ்யாவுக்கும் என்ன தொடர்பு என்று கிருபானந்தனுக்கு விளங்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஓர் ஒலி கேட்டது. புஷ்பராணி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்து மெலனி எழுந்தார். புஷ்பராணி சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடவுளே. இவர் உதைச் சொல்லிப்போட்டார்," என்றார். "கிருபா அண்ணை, இவர் ரோஸ்மொனில ஒரு சுப்பர்மாக்கெற்றில கனகாலம் வேலை செய்தவரெல்லே? அந்தக் கட்டடம் முந்தி ரயில் எஞ்சின் செய்யிற பட்டறையாம். சண்டை நேரம் அங்கைதான் டாங்கி செய்தவையாம். இங்கிலாந்துக்காரற்றை டாங்கி. ஆயிரத்துக்கு மேல. கிட்டத்தட்ட முழுக்கக் கப்பலில ஏத்தி ரஷ்யாவுக்கு அனுப்பினவையாம். சுவரில படம் போட்டிருக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர்."

"என்னட்டைச் சொல்லேல்லையே."

"எப்பிடிச் சொல்லுவார்? 'கிருபாட்டை மட்டும் மூச்சு விட்டிடாதை, அவன் கேள்விப்பட்டானெண்டால் நான் முடிஞ்சன்' எண்டு என்னையும் சத்தியம் பண்ண வைச்சவர். சாமான் வாங்க உங்களை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வரவும் விடமாட்டார்."

ஞானேந்திரன் தலையை ஆட்டினார். அவருடைய முகத்தின் இயங்கும் பாதியில், பிடிபட்டவருக்கும் கொடுத்தவருக்கும் பொதுவான ஒரு தோற்றம் இருந்தது.

கிருபானந்தன் அந்த ஆண்டுகளைப் பின்னோக்கிப் பார்த்தார். இரவெல்லாம் அங்காடித் தட்டுகளில் உணவு அடைத்த தகரப் பேணிகளை அடுக்கிவிட்டு, விடிந்ததும் அந்தப் படத்தைத் தாண்டி மெட்ரோவில் ஏறி, நேரே கோப்பிக்கடைக்கு வந்து, ரஷ்யா யாருடைய உதவியும் இல்லாமல் வென்றது என்று இந்த மனிதன் மேசையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். எந்த ஒரு சனிக்கிழமையிலும் அதைச் சொல்லியிருக்கலாம். தோற்றுவிடுவோம் என்ற பயம்தான் காரணம் என்று புஷ்பராணி நம்புகிறார், அப்படியே இருக்கட்டும். ஆனால் வாதம் ஒருநாள் முடிந்துவிட்டால், அந்த மேசையில் நாற்பத்தைந்துக்குப் பின் நடந்தவற்றைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது என்பதை ஞானேந்திரனும் அறிந்திருக்க வேண்டும். தொட்டிக்கு அப்பாலிருந்து 'வெண்டது ரஷ்யா' என்று சொன்ன குரல் சுவரோடு பேசியதல்ல என்று கிருபானந்தனுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. பேச்சை முறித்துவிடாமல் வைத்திருந்தது தாம் ஒருவரே என்று அவர் நினைத்திருந்தார். அது தவறு. பாதி வேலையை மற்றவர் செய்திருக்கிறார். தம் கட்சிக்கு எதிராகத் தமக்கே கிடைத்த மிகச் சிறந்த சான்றை வெளியே விடாமல் பூட்டி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்.

நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை இப்போது சொன்னால் ஞானேந்திரன் தலையசைத்துவிட்டுச் சன்னலுக்குத் திரும்பிவிடுவார். கிருபானந்தன் அதை விழுங்கினார். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

"அதெல்லாம் ஒரு கணக்கோ, ஐசே?" என்றார். "ஆயிரம் டாங்கியாலை என்ன செய்யலாம்? ரஷ்யாக்காரன் தானே அம்பதினாயிரத்துக்கு மேல செய்தவன். உது வாய்க்காலைக் கண்டாலே நிக்கிற சாமான். அனுப்பினதுக்கு அவன் பேசாமல் வாங்கி வைச்சான், மரியாதைக்கு. வெண்டது ரஷ்யாதான். உம்மடை மொன்றியல் டாங்கி இல்லாட்டிலும் வெண்டிருப்பான்."

ஞானேந்திரனின் கண்கள் விரிந்தன. இப்படி ஒரு கயமையை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. தம்முடைய ரஷ்யாவை இன்னொருவன் தம் முகத்துக்கு நேரே எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறான். மறுத்தே ஆக வேண்டும். மறுப்பதற்கு இங்கிலாந்தின் பக்கம் போவதைத் தவிர வழியில்லை.

"பிழை," என்றார். "மொஸ்கோ. நாப்பத்தொண்டு. ரஷ்யாவிட்டை... டாங்கி... அப்ப..."

"அப்ப?"

புஷ்பராணி மொழிபெயர்ப்பதை நிறுத்தியிருந்தார். மெலனியும் கேட்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது; அடுத்த முறைக்குரிய மூதாட்டி, டென்னிஸ் பந்துகள் செருகிய கால்களைக் கொண்ட நடைச்சட்டத்தைத் தள்ளியபடி, ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தார். சக்கர நாற்காலியில் இருந்தவரின் இடக்கை உள்ளங்கை விரிய மேலே எழுந்து, யாரும் குறுக்கிட வேண்டாம் என்று வீதியில் வாகனங்களை மறிப்பதுபோல் நின்றது. அந்தக் கை தமக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணி மூதாட்டியும் நின்றுவிட்டார். நடைச்சட்டத்தின் முன்கால்கள் இரண்டும் வாசற்படிக்கு மேலே, காற்றில், இறக்கப்படாமல் இருந்தன.